ஒற்றை முள் கடிகாரத்தின் ஊரில் ஒரு நாள்

"ஏலே, இந்தக் கடியாரத்துல ஒரு முள்ளு உழுந்துபோச்சா?" என்று அத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

விழவில்லை. கெசிக் ஊரின் சந்தைத் தெரு நடுவே நிற்கும் மூட் ஹால் கோபுரத்துக் கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள்தான். அது மணியைக் காட்டும். நிமிடத்தைப் பார்ப்பவர்தான் கணித்துக்கொள்ள வேண்டும். வெள்ளை பூசிய சுவரும் கூம்புக் கோபுரமுமாக இருப்பதால் பலர் அதைத் தேவாலயம் என்று நினைத்துவிடுகிறார்கள். 1813-ல் எழுந்த கட்டடம். கீழே சந்தைக் கடைகள், மேலே ஊர் நியாயம் பேசும் கூடம். நம்மூர்ச் சாவடிக்கு மாடி வைத்துக் கட்டினால் இப்படித்தான் இருக்கும்.

வடமேற்கு இங்கிலாந்தில், கம்ப்ரியா மலைகளுக்கு நடுவே, டெர்வென்ட்வாட்டர் என்ற ஏரியின் வடகரையில் இருக்கிறது கெசிக். பெயரை எழுதும்போது நடுவில் ஒரு 'டபிள்யூ' வரும். உள்ளூர்க்காரர்கள் அதை உச்சரிப்பதில்லை. சுமார் 5000 பேர் வாழும் சின்ன ஊர். பெயருக்குப் பழைய ஆங்கிலத்தில் 'சீஸ் பண்ணை' என்று பொருள் சொல்கிறார்கள்.

இங்கிலாந்துக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் பெற்றோர் ஆண்டுக்காண்டு பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு 'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்ற இந்த ஏரி மாவட்டத்தைக் காட்டக் கூட்டிப் போவது அங்குள்ள வீடுகளில் ஒரு வழக்கம். எப்படிப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் போனேன். மான்செஸ்டரில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து விடியற்காலை காரில் கிளம்பினோம். வின்டர்மியர், கிராஸ்மியர், தேர்ல்மியர், டெர்வென்ட்வாட்டர், அல்ஸ்வாட்டர் என்று ஒரே நாளில் ஐந்து ஏரிகள். இரவு வீடு திரும்பியபோது கைபேசியில் 200 படங்கள் இருந்தன. நினைவில் நின்றவை கார் நிறுத்துமிடங்களும், அங்கே இடம் தேடிச் சுற்றிய நேரமும்தான்.

இந்த முறை அத்தை வந்திருந்தாள். பாளையங்கோட்டையில் 30 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். முழங்கால் வலி உண்டு. ஆனால் ஊர் பார்க்கும் ஆசைக்கு மூட்டு வலி கிடையாது. ஒரே ஊர், ஒரே ஏரி, ஒரு முழு நாள் என்று தங்கையும் நானும் முடிவு செய்தோம். ஏரிக்கரை ஊருக்குப் போக இதைவிட நல்ல வழி இல்லை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

மேலப்பாளையம் ஆட்டுச் சந்தையைப் பார்க்க விரும்புகிறவர் செவ்வாய்க்கிழமைதானே போவார்? கெசிக்குக்கும் அதே கணக்குதான். அங்கே சந்தை கூடுவது வியாழக்கிழமையும் சனிக்கிழமையும். மற்ற நாட்களில் போனால் மலையும் ஏரியும் அப்படியேதான் இருக்கும். ஊர் பாதிதான் இருக்கும்.

இந்தச் சந்தைக்கு வயது 750 ஆண்டு. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1276-ல் அதற்கு உரிமைச் சாசனம் கொடுத்தார். மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. வாரம் ஒரு நாள் மலைப் பண்ணைகளிலிருந்து மக்கள் இறங்கி வந்து கம்பளியும் சீஸும் விற்று, உப்பும் மாவும் வாங்கிப் போன ஊர். இன்று தெருவில் வண்டிகளை விடுவதில்லை. இரண்டு பக்கமும் துணிப்பந்தல் கடைகள். ரொட்டி, சீஸ், தேன், செடி, கம்பளித் தொப்பி, பழைய புத்தகம். சனிக்கிழமையில் கூட்டம் நெரியும். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு வியாழக்கிழமைதான் நல்லது. நாங்கள் அந்த நாளில்தான் போனோம்.

கம்பளிக் கடையில் அத்தை நெடுநேரம் நின்றாள். ஹெர்ட்விக் என்பது இந்த மலைகளுக்கே உரிய ஆட்டினம். குட்டி கறுப்பாகப் பிறக்கும், வளர வளர உடம்பு சாம்பல் நிறமாகும், முகம் வெளுத்துவிடும். அதன் கம்பளி முரடு. தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம கம்பளிப் போர்வை மாதிரிதான் குத்துது" என்றாள். இந்தப் பகுதி இடையர்கள் ஆடு எண்ணுவதற்கென்றே தனி எண்களை வைத்திருந்தார்கள். யான், டையான், டெதரா, மெதரா, பிம்ப் என்று போகும். ஆங்கில எண்களோடு அவற்றுக்கு அதிக ஒட்டில்லை; பழைய கெல்டிக் மொழிகளின் சாயல் தெரிகிறது. ஆட்டின் பெயரும் எண்ணும் தெரிந்தபின் அங்கிருந்த கம்பளித் தொப்பி வெறும் தொப்பியாக இல்லை. அத்தை அதை வாங்கினாள்.

சாப்பாட்டுக்கு ஒரு சொல். இந்தப் பகுதியின் பெயர்பெற்ற கம்பர்லண்ட் சாசேஜ் பன்றி இறைச்சியில் செய்வது. கயிறுபோல நீளமாக இழுத்துச் சுருட்டி வைத்திருப்பார்கள். சைவக்காரர்கள் பாரோடேல் டீ பிரெட் கேட்டு வாங்கலாம். உலர்திராட்சையைத் தேநீரில் ஊறவைத்து மாவில் சேர்த்துச் சுடும் ரொட்டி அது. வெண்ணெய் தடவித் தின்பார்கள். முட்டை சேர்ப்பது வழக்கம் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் தங்கை கட்டித்தந்த புளியோதரையைத்தான் மதியத்துக்கு வைத்திருந்தோம். ஏரிக்கரையில் உட்கார்ந்து தின்னக் கட்டுச்சோற்றுக்கு ஈடு எதுவும் இல்லை.

எப்படிப் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெசிக்குக்கு இப்போது ரயில் இல்லை, 1972-லேயே நிறுத்திவிட்டார்கள். அருகில் உள்ள நிலையம் பென்ரித். லண்டன் யூஸ்டனிலிருந்து அங்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம். நிலைய வாசலிலிருந்தே பேருந்து உண்டு. முக்கால் மணி நேரத்தில் கெசிக். கார் வைத்திருப்பவர்களும் இதையே யோசிக்கலாம். சந்தை நாளில் ஏரிப்பக்கக் கார் நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். அத்தோடு, பேருந்தின் மாடியிலிருந்து தெரியும் மலையை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க முடியாது.

ஏரியைச் சுற்றி ஐம்பது நிமிடம்

சந்தையிலிருந்து படகுத்துறைக்குப் பத்து நிமிட நடை. ஏரிக்கு நீளம் சுமார் 5 கிலோமீட்டர், அகலம் 1.6 கிலோமீட்டர். அதில் நான்கு தீவுகள். மரத்தாலான லாஞ்சுகள் ஏரியைச் சுற்றி ஏழு துறைகளில் நின்று போகின்றன. இறங்காமல் சுற்றினால் ஐம்பது நிமிடம். திட்டமிடுகிறவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: ஒரு துறையில் இறங்கி, கரையோரமாக நடந்து, அடுத்த துறையில் அடுத்த படகைப் பிடிக்கலாம். முழங்கால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நடை, மீதி தண்ணீரில். ஏரியை முழுக்கச் சுற்றி நடந்தால் 16 கிலோமீட்டர்.

ஹாஸ் எண்டு துறையில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பெல்ஸ் மலைக்குப் போகிறவர்கள். உயரம் 451 மீட்டர்தான். ஆனால் கையை ஊன்றி ஏறவேண்டிய பாறைகள் உண்டு. செருப்போடு ஏறக்கூடாது, வயதானவர்களை வற்புறுத்தவும் கூடாது. நாங்கள் மலைப் பக்கம் திரும்பாமல் கரைப் பாதையில் பிராண்டல்ஹோ காட்டுக்குள் நடந்தோம். மேடு பள்ளம் அதிகம் இல்லாத பாதை. ஓக் மரங்களுக்கு இடையே தண்ணீர் கூடவே வந்துகொண்டிருக்கும். இருபது நிமிடத்தில் அடுத்த துறை.

இந்த இருபது நிமிடப் பாதைக்குப் பின்னால் இருக்கும் கதைக்காகத்தான் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

1883-ல் ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற குருவானவர், கெசிக்கை ஒட்டிய கிராஸ்த்வெயிட் சபைக்குப் பொறுப்பேற்று வந்தார். அதே ஆண்டில், ஹானிஸ்டர் மலையில் வெட்டும் பலகைக்கல்லைக் கொண்டுபோக, இந்த ஏரியின் மேற்குக் கரை வழியாக ரயில் பாதை போட ஒரு திட்டம் எழுந்தது. ரான்ஸ்லி எதிர்த்தார். பத்திரிகைகளில் எழுதினார், நாடெங்கும் ஆதரவு திரட்டினார். திட்டம் கைவிடப்பட்டது.

நான்கு ஆண்டு கழித்து வேறொரு பிரச்சினை. ஊருக்கு வடக்கே லாட்ரிக் என்ற சிறிய மலை. ஊரார் தலைமுறை தலைமுறையாக ஏறிப் போய் வந்த பாதையை நிலத்தின் உரிமையாளர்கள் அடைத்தார்கள். 1887 அக்டோபரில் சுமார் 2000 பேர் திரண்டு, தடுப்புகளை அகற்றிக்கொண்டு மலையுச்சிக்கு நடந்தார்கள். ஊரின் மொத்த மக்கள்தொகையே சில ஆயிரம் இருந்த நாளில் 2000 பேர்! வழக்கு நடந்தது. கடைசியில் சமரசம் ஏற்பட்டு, உச்சிக்குப் போகும் பாதை மக்களுக்குக் கிடைத்தது.

எதிர்த்துக்கொண்டே இருப்பதைவிட நிலத்தை வாங்கிப் பொதுவில் வைத்துவிடுவது நிலையான காப்பு என்ற எண்ணம் வலுத்தது. ரான்ஸ்லி, ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர் மூவரும் சேர்ந்து 1895-ல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கினார்கள். பிராண்டல்ஹோ காடு விலைக்கு வந்தபோது 6,500 பவுண்டு தேவைப்பட்டது. பொதுமக்களிடம் கையேந்தினார்கள். பணக்காரர்கள் கொடுத்தார்கள்; வட இங்கிலாந்து ஆலைத் தொழிலாளர்களும் ஷில்லிங் கணக்கில் அனுப்பினார்கள். 1902 அக்டோபர் 16-ல், விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸ் வந்து 108 ஏக்கர் காட்டைப் பொதுவுக்குத் திறந்துவைத்தார். ஏரி மாவட்டத்தில் அந்த அமைப்பு வாங்கிய முதல் நிலம் அது.

இதைப் படகில் வரும்போதே அத்தைக்குச் சொல்லியிருந்தேன். காட்டுக்குள் ஒரு மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது அவள் கேட்டாள்: "அப்போ இங்க உக்காருறதுக்கு யாருக்கும் காசு குடுக்க வேண்டாமா?" வேண்டாம், எல்லாம் அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள் என்றேன். அவள் சாப்பிட்டு முடித்ததும், கீழே விழுந்த பருக்கைகளைக்கூடப் பொறுக்கித் தாளில் மடித்துக்கொண்டாள். நம்மூரில் எத்தனை குளங்களின் கரை இப்படி வாங்கிக் காக்க ஆளின்றிப் போயிற்று என்று நினைத்தால் மனசு கனக்கிறது. நெல்லையில் வேய்ந்தான்குளம் நடுவே பேருந்து நிலையம் கட்டிய ஊர்க்காரன் நான்.

தீவுகளைப் பற்றிக் கொஞ்சம். செயின்ட் ஹெர்பர்ட் தீவில் 7-ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி தனித்து வாழ்ந்தார். அவருடைய நண்பரான புனித கத்பர்ட் இறந்த அதே நாளில், 687-ல், அவரும் இறந்தார் என்று பழைய வரலாறு சொல்கிறது. குழந்தைக் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டருக்கு அது ஆந்தைத் தீவாயிற்று. 1903-ல் வந்த அவருடைய அணில் கதையில் அணில்கள் துடுப்புப் போட்டுப் போவது அங்கேதான். தண்ணீருக்கு அடியில் வென்டஸ் என்ற மீன் வாழ்கிறது. பிரிட்டனில் மிக அரிதான நன்னீர் மீன்களில் ஒன்று, பார்க்கக் கிடைக்காது. இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

மழைக்கு ஒதுங்க நல்ல இடங்கள்

ஏரிக்குத் தெற்கே பாரோடேல் பள்ளத்தாக்கில் உள்ள சீத்வெயிட், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களில் அதிகம் நனையும் ஊர். ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வது போல இரண்டரை மடங்கு. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வந்தபோது, ஹானிஸ்டரில் ஒரே நாளில் 341 மில்லிமீட்டர் கொட்டியது. கிரேட்டா ஆறு கரைமீறிக் கெசிக் தெருக்களில் புகுந்தது. ஆகவே மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள். காற்றில் குடை நிற்காது. எங்களுக்கு மதியம் இரண்டு மணிக்குத் தூறல் பிடித்தது. நல்லதாகப் போயிற்று.

மழை நேரத்துக்கென்று இரண்டு இடங்களை வைத்திருந்தோம். ஒன்று பென்சில் அருங்காட்சியகம். பாரோடேல் மலையில் 16-ஆம் நூற்றாண்டில் சுத்தமான கிராஃபைட் அகப்பட்டது. வேரோடு சாய்ந்த மரத்தடியில் இடையர்கள் அதைக் கண்டெடுத்து ஆடுகளுக்குக் குறிபோட்டார்கள் என்பது ஊர்க்கதை. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளுக்கு அது தேவைப்பட்டதால் விலை ஏறியது, கடத்தல் பெருகியது. சுரங்கத்திலிருந்து திருடுவதைப் பெருங்குற்றமாக்கி 1752-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. பென்சில் இந்த ஊரின் குடிசைத் தொழிலாகி, 1832-ல் ஆலையாயிற்று. இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினருக்காக உள்ளே வரைபடத்தைச் சுருட்டி, நுனியில் திசைகாட்டி ஒளித்துச் செய்த பென்சிலை அங்கே பார்க்கலாம். பலகையில் சாக்கட்டியால் எழுதியே வாழ்நாளைக் கழித்த அத்தை, ஒரு பெட்டி வண்ணப் பென்சிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது, ஃபிட்ஸ் பூங்காவில் உள்ள கெசிக் அருங்காட்சியகம். அங்கே நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய பரிசு கிடைத்தது. ஜோசப் ரிச்சர்ட்சன் என்ற கல்தச்சர், ஸ்கிடா மலையடிவாரத்தில் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் கற்களைத் தேடித் தேடி எடுத்து, செதுக்கிச் சுருதி சேர்த்து, 13 ஆண்டு உழைத்து 1840-ல் ஒரு கல் வாத்தியம் செய்து முடித்தார். பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார். விக்டோரியா மகாராணி முன்னாலும் வாசித்தார். அந்தக் கற்கள் இங்கே வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வருகிறவர்களும் தட்டிப் பார்க்கலாம்.

அத்தை சுத்தியலைக் கையில் எடுத்தாள். மெதுவாக ஒரு தட்டு. பக்கத்துக் கல்லில் இன்னொன்று. "நெல்லையப்பர் கோயில் தூண் மாதிரியே இருக்குடா" என்றாள். அந்த இசைத் தூண்களைச் சின்ன வயதில் அவள்தான் எனக்குக் காட்டியவள். கல்லுக்குள் சுரம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாட்டுக் கல்தச்சர்களுக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாலைந்து தட்டில் ஏதோ ஒரு கீர்த்தனையின் முதல் வரி போல ஒன்று வந்தது. அருகில் நின்ற குழந்தை, தன் முறை வரும்வரை பொறுமையாக வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது.

நமக்கு இந்த ஊரோடு இன்னும் இரண்டு ஒட்டு உண்டு. ஆற்றோரத்துக் கிரேட்டா ஹால் வீட்டில் 1800-ல் கவிஞர் கோல்ரிட்ஜ் குடிவந்தார். 1803-ல் வந்த ராபர்ட் சதே, 1843-ல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். இந்தியாவை ஒருநாளும் பார்த்திராத சதே, அந்த வீட்டில் புத்தகங்களைக் குவித்து வைத்துக்கொண்டு 'கெஹாமாவின் சாபம்' என்ற இந்தியக் காவியத்தை எழுதி 1810-ல் வெளியிட்டார். அதில் கடலுக்குள் மூழ்கிய ஒரு நகரம் வருகிறது. அது நம் மாமல்லபுரத்தைப் பற்றிக் கேட்ட கதைகளிலிருந்து எழுந்தது. அலை தொட்டுக்கொண்டிருக்கும் கடற்கரைக் கோயில், மழை பெய்யும் இந்த மலைநாட்டு மேசைமேல் உருக்கொண்டிருக்கிறது.

மற்றது அத்தைக்கு நான் சொல்லத் தேவை இல்லாமல் போயிற்று. 1875 முதல் கெசிக்கில் ஆண்டுதோறும் கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூடுகிறது. அந்தக் கன்வென்ஷன் பொறுப்பேற்று அனுப்பிய முதல் மிஷனரி எமி கார்மைக்கேல். 1895-ல் இந்தியா வந்து, நெல்லைச் சீமையில் தங்கி, 1901 முதல் டோனாவூரில் பெண் குழந்தைகளைக் காத்து வளர்த்து, 1951-ல் அங்கேயே இறந்தவர். கன்வென்ஷன் பலகையைத் தெருவில் கண்டதும், "இது டோனாவூர் அம்மாவை அனுப்புன கெசிக்கா?" என்று அத்தை நின்றுவிட்டாள். ஜூலை, ஆகஸ்ட்டில் அந்தக் கூட்டம் நடக்கும் மூன்று வாரமும் ஊரில் அறை கிடைப்பது கடினம். தங்கி வர நினைப்பவர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

விட்டுவந்தவையும் உண்டு. ஊருக்குக் கிழக்கே மேட்டின்மேல் காஸில்ரிக் கல்வட்டம். ஏறக்குறைய 5000 ஆண்டு பழையது, 30 மீட்டர் விட்டத்தில் நாற்பதை ஒட்டிய கற்கள். நடந்தால் முக்கால் மணி நேர ஏற்றம். அத்தைக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. லோடோர் அருவியும், பாரோடேல் போகும் 78-ஆம் எண் பேருந்தும் இன்னொரு நாளுக்கு.

தூறல் விட்டதும் ஃபிரையர்ஸ் கிராக் முனைக்குப் போனோம். படகுத்துறையிலிருந்து சமதளமான சின்ன நடை. சக்கர நாற்காலியையும் தள்ளிப் போகலாம். எழுத்தாளர் ஜான் ரஸ்கினுக்குத் தன் வாழ்வின் முதல் நினைவே செவிலி தன்னை இங்கே தூக்கிவந்து ஏரியைக் காட்டியதுதான். அவருக்கு 1900-ல் ரான்ஸ்லி நட்ட நினைவுக்கல் பைன் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. ஜூன் மாதமானால் இரவு ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கடைசிப் படகும் மாறும், கடைசிப் பேருந்தும் மாறும். இரண்டின் நேரத்தையும் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கேட்பெல்ஸ் மலையின் நிழல் தண்ணீரில் மெல்ல நீண்டு தீவுகளைத் தொட்டது. பேசாமல் உட்கார்ந்திருந்த அத்தை, புதுத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, நாளக்கழிச்சு சனிக்கெழமையும் சந்தை உண்டும்லா?"